குழலும் குறியும்: ஜிம் கார்பெட் வாழ்க்கை

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைத் தமிழர் அனைவரும் அறிவர். அவன் எய்த அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியது என்று சங்கப் புலவர் வன்பரணர் பாடிச் சென்றார். குறி தவறாத அம்பின் பெருமை அது. குறி தவறிய ஒரு குண்டால் விளையும் கேடு எத்தகையது என்பதை எந்தப் புலவரும் விரித்துரைத்ததாக நாம் அறியோம். அதனைத் தம் வாழ்நாள் முழுதும் கண்டும், அக்கேட்டைத் துடைக்கத் தம் உயிரையே பணயமாக வைத்தும் வாழ்ந்த ஒருவரைப் பற்றி நம் சங்க மலரில் எழுத விரும்புகிறோம். அவர்தாம் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்னும் ஜிம் கார்பெட்.

தலைநகரில் வாழும் நம் காலனிக் குடும்பங்களுள், பள்ளி விடுமுறையில் நைனிதாலுக்கோ ராம்நகருக்கோ ஒருமுறையேனும் சென்று வாராதவை சிலவே. பூங்காவின் வாயிலில் அவர் பெயரைப் படிக்கிறோம், ஜீப்பில் ஏறுகிறோம், புலி கண்ணிற்படவில்லையே என்னும் குறையோடு இரவு வண்டியில் தில்லி திரும்புகிறோம். பெயருக்குரிய மனிதர் யாவர் என்று நம் பிள்ளைகள் கேட்டால், பெரிய வேட்டைக்காரர் என்பதோடு நின்றுவிடுகிறோம். அவர் இருபதாண்டுகளுக்கு மேல் இரயில்வேக்காக உழைத்தவர் என்பதை இரயில்வேயில் ஊழியம் பார்க்கும் நம்மவர் பலரும் அறியார்.

பிளந்த குழல்

கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். குடும்பத்தார் ஐரிஷ் வழியினர். தந்தை கிறிஸ்டோபர் வில்லியம் கார்பெட் அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். கோடையில் நைனிதாலிலும் குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாடுங்கியிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. 1881-இல் தந்தை காலமானார். பெருங்குடும்பத்தைத் தாங்கும் பொறுப்புத் தாயாரின் தோளில் விழுந்தது. காலாடுங்கிக் காட்டில் திரிந்த சிறுவன் கவண்வில்லிலும் அம்பிலும் பழகி, பறவையின் குரலையும் விலங்கின் அடிச்சுவட்டையும் எழுத்தைப் போல் படிக்கக் கற்றுக்கொண்டான்.

அச்சிறுவனுக்கு எட்டு வயதளவில் முதல் துப்பாக்கி கிடைத்தது. குமாயூன் பறவைகளைப் பற்றி நூல் தொகுத்துக்கொண்டிருந்த ஸ்டீபன் டீஸ் என்னும் உறவினர், தமக்குப் பறவைகளைக் கொணர்ந்து தரும்பொருட்டு அதனை அளித்தார். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. முன்பொருமுறை அளவு மீறி மருந்து கெட்டித்ததால் வலக் குழல் 6 அங்குல நீளத்திற்குப் பிளந்திருந்தது. விரிசல் கண்ட கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியால் வரிந்து கட்டப்பெற்றிருந்தன. இடக் குழல் மட்டுமே நன்னிலையில் இருந்தது. வேறொரு சிறுவனாயின் குறை சொல்லியிருப்பான். ஜிம் அதனைக் கருவூலமாகக் கொண்டான். ஒரு குழல்தான் உண்டு, அதிலும் ஒரே வெடிதான் உண்டு. அது தவறினால் மீண்டும் மருந்தையும் தக்கையையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்கும்வரை எந்த விலங்கும் நிற்காது. ஆகவே, குறி உறுதியானாலன்றிக் குதிரையைத் தட்டலாகாது என்னும் பாடத்தை அப்பிளந்த குழலே அவனுக்குப் புகட்டிற்று எனலாம்.

பத்து வயதில் நைனிதால் தொண்டர் படையின் பள்ளிப் பிரிவில் சேர்ந்தான். பயிற்சியாளர் இரவலாக அளித்த .450 மார்ட்டினி ரைபிளைக் கொண்டு தன் முதற் சிறுத்தையை வீழ்த்தினான்.

இரயில்வே ஊழியர்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பத்தைக் காக்க வேலை தேடினார். வங்காள வடமேற்கு இரயில்வேயில், மாணக்பூரில், எரிபொருள் ஆய்வாளர் பணி கிடைத்தது. மாதச் சம்பளம் 100 ரூபாய். எஞ்சின்கள் விறகால் ஓடிய காலம் அது. காட்டில் கூடாரமடித்து, மரம் வெட்டுவித்து, அளந்து அனுப்ப வேண்டும். அப்பணி முடிந்தபின் எஞ்சினில் நின்று நிலக்கரிச் செலவைக் கணக்கெடுத்தார். சரக்கு வண்டியின் கார்டாக இருந்தார். பண்டகசாலையிலும் உதவி நிலைய அதிகாரியாகவும் பணியாற்றினார். ஆள் குறைவால் 48 மணி நேரம் தொடர்ந்து கார்டு வேலை பார்த்ததும் உண்டு. இதன் கடுமை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதன்று.

பின்னர் கங்கைக் கரையில் மொகாமா காட் என்னும் இடத்தில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. தென்கரையில் வந்து நின்றது 5 அடி 6 அங்குல அகலப் பாதை. வடகரையிலிருந்து சென்றது மீட்டர் பாதை. இரண்டிற்கும் இடையில் ஆறு. இப்பாதையின் வண்டி அப்பாதையில் ஓடாது. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் மனிதர் முதுகில் ஏறி இறங்கியே ஆற்றைக் கடந்தது. தொடக்கத்தில் கூலிப் பணம் வாராமல் நெடுநாள் தாமதமாயிற்று. அப்போது கார்பெட் தொழிலாளரோடு தாமும் மூட்டை சுமந்தார். நிலைய அதிகாரி ராம்சரணுடன் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். உயர்சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரு கட்டடத்துள் இருக்கலாகாது என்று தடை எழுந்தது. சுவர்கள் அகற்றப்பட்டன. சுவரில்லாக் கொட்டகை கட்டடம் ஆகாதென்பதால் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து படித்தனர். மொகாமாவில் 1959-இல் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறையின் முதுகெலும்பில்தான் அவ்வழி நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இந்த ஊழியத்தினிடையே, விடுப்புப் பெற்று நைனிதால் வரும் நாட்களில்தான் அவர் ஆட்கொல்லிகளைத் தேடிச் சென்றார்.

சம்பாவத்துப் பெண்புலி

1907-ஆம் ஆண்டு. நேபாளத்தில் 200 பேரைக் கொன்ற பெண்புலி ஒன்று, அங்கிருந்து துரத்தப்பட்டுக் குமாயூனுள் புகுந்து, மேலும் இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. நைனிதால் துணை ஆணையர் கார்பெட்டின் உதவியை நாடினார். அவர் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். அறிவிக்கப்பட்ட பரிசுத் தொகையை நீக்க வேண்டும். ஏனைய வேட்டைக்காரரைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் வரிசையில் தம்மைச் சேர்த்தெண்ணலாகாது என்பதும், காட்டில் பிறர் குண்டுக்கு இரையாகலாகாது என்பதும் அவர் கருத்து.

சம்பாவத்தை அடைந்த சிறு பொழுதில், விறகு பொறுக்கச் சென்ற இளம்பெண் ஒருத்தியைப் புலி தூக்கிச் சென்றது. அதுவே அதன் இறுதிக் கொலை. மொத்தம் 436 பேர் என்பது கணக்கு. மறுநாள் வட்டாட்சியராகிய தாசில்தார் ஊர் மக்களைத் திரட்டினார். உரிமம் இல்லாத துப்பாக்கிகளை அன்று தாம் காணப்போவதில்லை என்றும், வேண்டுவோர்க்கு மருந்தும் தரப்படும் என்றும் அறிவித்தார். நண்பகலுக்குள் 298 பேர் கூடினர். அவர்கள் கொணர்ந்த ஆயுதங்கள் ஒரு காட்சிச்சாலையை நிரப்பத்தக்கன.

கார்பெட்டின் கையில் .500 ரைபிளும் மூன்றே தோட்டாக்களும் இருந்தன. மலைச்சரிவில் மக்கள் எழுப்பிய பேரொலியால் புலி வெளிப்பட்டது. தாசில்தார் தம் ரவைத் துப்பாக்கியின் இரு குழல்களையும் வெடித்தார். புலி திரும்பி ஓடியது. கார்பெட் தொலைவிலிருந்து விட்ட முதற்குண்டு பயன் தரவில்லை. மீண்டும் வெளிப்பட்ட புலியின்மீது எஞ்சிய இரு குண்டுகளும் பட்டன. ஆயினும் அது விழவில்லை. கடல் மட்டத்தில் குறி திருத்தப்பட்ட அந்த ரைபிள், காற்று இலேசான மலை உயரத்தில் குறிக்கு மேலாகச் சுட்டது. குண்டு முதுகைத் தாண்டிச் சென்றதென்றே அவர் முதலில் எண்ணினார். உண்மையில் அது பட்டிருந்தது. ஆனால் பட வேண்டிய இடத்திற்குச் சற்றுப் பின்னே பட்டிருந்தது.

காயமுற்ற புலி பாறை விளிம்பில் நின்று புதரைப் பிடுங்கி எறிந்தது. கார்பெட்டிடம் தோட்டா இல்லை. மேட்டிலிருந்த தாசில்தாரிடம் ஓடி, அவருடைய துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு திரும்பினார். புலி பாறை முனைக்கு வந்து வாய் திறந்து நின்றது. இடையில் இருந்தது 20 அடி. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிய கணத்தில்தான் அதன் நிலையைக் கண்டார். குழல்களுக்கும் அவை பொருந்த வேண்டிய அடிப்பூட்டுக்கும் இடையில் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி! சுட்டால் வெடிப்புகை பின்னோக்கிப் பீறிட்டுக் கண்களைப் பறிக்கலாம். சுடாவிடின் உயிரே போகலாம். குழல் முனையில் குறி பார்க்க இருந்ததோ பெரியதொரு மணி. அதனைப் புலியின் வாய்க்கு நேர் நிறுத்திச் சுட்டார். உருளை வடிவான அந்த ஒற்றைக் குண்டு வாயைத் தவறி வலப் பாதத்தில் பட்டது. பின்னர் அதனை அவர் விரல் நகத்தாலேயே கிள்ளி எடுத்தார் எனின், அதன் வலிமை எத்துணைக் குறைவென்பது விளங்கும். நல்வேளையாகப் புலி முன் பட்ட காயங்களால் இறுதி மூச்சில் இருந்தது. அச்சிறு தட்டே அதனைச் சாய்க்கப் போதுமானதாயிற்று.

20 அடியில் ஏன் தவறியது?

நம் வீட்டு இளைஞர் இவ்விடத்தில் ஒரு வினா எழுப்புவர். அத்துணைத் தேர்ந்தவர், அத்துணை அருகில், எங்ஙனம் தவறினார்? தம் உடல் அசைந்திருக்கலாம் என்று கூறக் கார்பெட் தயங்கவில்லை. அத்துப்பாக்கியால் ஒற்றைக் குண்டை 20 அடிக்கும் நேரே செலுத்த இயலாதிருந்திருக்கலாம் என்றும் கருதினார். அதன் காரணத்தை நாம் சற்று ஆராய்வோம்.

ரைபிளின் குழலுள் திருகு வரிகள் உண்டு. குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்று, பம்பரம் சுழற்சியால் நிமிர்ந்து நிற்றல் போல, நிலை குலையாமல் செல்கிறது. ரவைத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. பல சிறு ரவைகளைப் பறவையின்மீது தூவுதற்கே அது செய்யப்பட்டது. அதில் ஒற்றைக் குண்டை இட்டால் சுழற்சி இல்லை. குண்டு குழலினும் சிறிதாயின் உள்ளே அலைந்து மோதி வெளிப்படும். வாய் மிகக் குறுகிய குழலாயின் நெருக்குண்டு உருக்குலையும். இக்குறையை நீக்க 1898-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக்கே, பின்புறம் தக்கை பிணைத்த குண்டை உருவாக்கினார். 1931-இல் அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர், பின்பகுதி குடையப்பட்ட குண்டைச் செய்தார். முன்புறம் கனத்தும் பின்புறம் இலேசாகவும் இருப்பதால், இறகுப் பந்து தலை முன்னாகப் பறப்பது போல் அவை நேரே சென்றன.

குழலின் பொருத்தமும் குண்டிற்கு நிகரானது. மடங்கித் திறக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழல்களை உடலினின்று எளிதிற் கழற்றலாம். ரவைக்கு ஒரு சோடி, ஒற்றைக் குண்டுக்கு ஒரு சோடி என இரு சோடிக் குழல்களை ஒரே உடலுக்குச் செய்வித்து மாற்றி மாட்டிக்கொள்வோரும் உண்டு. ஆனால் அவ்விரு சோடிகளும் அந்த ஓர் உடலுக்கென்றே கைதேர்ந்த கொல்லரால் மயிரிழை அளவிற்கு அராவிப் பொருத்தப்பட்டவை. வேறு துப்பாக்கியின் குழலைக் கொணர்ந்து மாட்டினால், பார்வைக்குப் பொருந்தினும் பூட்டில் பொருந்தாது. தேய்ந்த குழலின் நிலையும் அத்தகையதே. இடைவெளி வழியே வெடிப்புகை ஒழுகும். தோட்டாவின் அடி பிதுங்கும். குண்டின் விசையும் மாறும். சுடுபவர் முகத்திற்கே ஆபத்து. நன்கு பொருந்திய குழலாயினும், குழல் மாறினால் குண்டு சென்று படும் இடமும் மாறும். ஆதலால் குழலை மாற்றுந்தோறும் பலகையில் சுட்டுக் குறியைத் திருத்திக்கொண்ட பின்னரே காட்டில் அடியெடுத்து வைத்தல் முறை. அகலப் பாதை வண்டியை மீட்டர் பாதையில் ஏற்ற முயல்வாருண்டோ? மொகாமாவில் பாதைகளின் பொருத்தமின்மையோடு போராடியவர், சம்பாவத்தில் குழலின் பொருத்தமின்மையோடு போராட நேர்ந்தது விந்தையே.

இதனினும் பெரிய உண்மை புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வெளிப்பட்டது. வலப்பக்கத்து மேற்கோரைப் பல் பாதி முறிந்திருந்தது. கீழ்க்கோரைப் பல் எலும்புவரை முறிந்திருந்தது. என்றோ, எவரோ சுட்ட குண்டின் விளைவு அது. அதனால் இயற்கை இரையைக் கொல்ல மாட்டாமல் புலி மனிதரை நாடியது. சுட்டவர் தம் குண்டு தவறியது என்று வீடு திரும்பியிருப்பார். தவறிய அக்குண்டின் விலை 436 உயிர்கள்! காயப்படுத்திய விலங்கைத் தேடி முடிக்காமல் விடுதல் பெரும் பிழை என்று கார்பெட் ஏன் வாழ்நாளெல்லாம் கருதினார் என்பது இப்போது விளங்கும்.

திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் தங்கினார். ஓராண்டிற்கு முன் தன் தமக்கையைப் புலி கவ்விச் செல்ல, அரிவாளுடன் பின்தொடர்ந்து ஓடியவள் ஒருத்தி, அன்றே பேசும் திறனை இழந்திருந்தாள். கார்பெட் புலித்தோலை அவள்முன் விரித்தார். அவள் வாய் திறந்து, கணவனையும் ஊராரையும் வந்து காணுமாறு கூவி அழைத்தாள்.

சில திங்கள் கழித்து, மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹெவெட், நைனிதால் தர்பாரில் தாசில்தாருக்குப் புதியதொரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அதைவிடத் தகுந்த பரிசு வேறில்லை! கார்பெட்டிற்கு அவர் அளித்தது வெள்ளித் தகடு பதித்த .275 ரிக்பி ரைபிள். எடை குறைந்த அக்கருவி அவர் உடலின் ஓர் உறுப்பே போலாயிற்று. எட்டாண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926-இல் அவர் வீழ்த்தியது அதனால்தான். 1930-இல் சௌகர் பெண்புலி எட்டடி தூரத்தில் எதிர்ப்பட்டபோது, ஒரு கையில் பறவை முட்டைகள் இருக்க, மறு கையால் அந்த ரைபிளை மெல்லத் திருப்பிச் சுட்டு உயிர் பிழைத்தார். 1938-இல், 63-ஆம் வயதில், தாக் என்னும் ஊரில் தம் இறுதி ஆட்கொல்லியை முடித்தார். அதன் உடலிலும் பழைய துப்பாக்கிக் காயங்கள் இரண்டு இருந்தன.

துப்பாக்கி தாழ்ந்தது

கார்பெட்டைக் குறையே இல்லாதவர் என்று நாம் கூற வரவில்லை. ஆட்கொல்லி அல்லாத புலிகளையும் அவர் வேட்டையாடியது உண்டு. 1930-இல் அவர் சுட்ட பொவல்கர் ஆண்புலி எவரையும் கொன்றதன்று. ஆயினும் காடு சுருங்குவதையும், புலி அருகுவதையும் பிறர் காணும் முன்னரே கண்டு, துப்பாக்கியினும் காமிராவை மிகுதியாக ஏந்தலானார். புலிகளைத் திரைப்படச் சுருளில் பதிவு செய்தார். 1936-இல் ஹெய்லி தேசியப் பூங்கா என்னும் பெயரில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய அவரும் துணை நின்றார். அவர் மறைவிற்குப் பின் அதற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. மறு ஆண்டு புலிகள் காப்புத் திட்டம் அப்பூங்காவில்தான் தொடங்கப்பெற்றது. இன்று நம் நாட்டில் வேட்டை குற்றம். குழலைப் பற்றி நாம் மேலே கூறியன அறிவிற்காகவேயன்றிப் பின்பற்றுதற்கல்ல என்பதை இளைஞர் உணர்வாராக.

முதல் உலகப் போரில் 500 குமாயூன் மக்களைத் தொழிற்படையாகப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாம் உலகப் போரில் வீரர்க்குக் காட்டுப்போர்ப் பயிற்சி அளித்தார். 1944-இல் வெளிவந்த குமாயூன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் உலகெங்கும் அவர் புகழைப் பரப்பியது. காலாடுங்கி அருகே சோட்டி ஹல்த்வானி என்னும் சிற்றூரை வளர்த்து, காட்டுப்பன்றி புகாவண்ணம் கற்சுவர் எழுப்பினார். 1947-இல் தமக்கை மேகியுடன் கென்யா நாட்டு நைரி நகருக்குக் குடிபெயர்ந்தபோது, நிலத்தை அங்கு உழுதவர்க்கே விட்டுச் சென்றார். 1955 ஏப்ரல் 19-ஆம் நாள் நைரியில் மாரடைப்பால் காலமானார். பிறந்த மலைகளை மீண்டும் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு இச்செய்தி நெஞ்சைத் தொடுகின்றது. காலாடுங்கியில் அவர் வாழ்ந்த வீடு இன்று காட்சிச்சாலையாக விளங்குகிறது. அடுத்த விடுமுறையில் நைனிதால் செல்லும் அன்பர்கள் அங்குச் சிறிது நேரம் இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாக. பிளந்த குழலில் தொடங்கிய ஒரு சிறுவன், பொருந்தாக் குழலோடு புலிமுன் நின்று, இறுதியில் அப்புலியினத்திற்கே காவலனான கதையை அவர்களுக்குச் சொல்வார்களாக. கையிலுள்ள கருவி எதுவாயினும், அது துப்பாக்கியோ பேனாவோ நாவோ, அதன் பொருத்தத்தை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நன்று. தவறிய குண்டு எங்குச் சென்று தைக்கும் என்பதைச் சுட்டவரே அறியமாட்டார்.